படகுக்கு ஏது பிரேக்கு

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது கோரிமேட்டுக்குப் போகும் வழியில். வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டுவிட வேண்டும் என்று வைத்திக்குப்பத்திலிருந்து விடியலிலேயே கிளம்பியிருந்தோம். என் மனைவி ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் மடியில் இருந்த பையையும் பிடித்திருந்தாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் கிய்ச் என்றது. கொஞ்ச தூரம் சும்மா வந்தது. மறுபடி கிய்ச். அப்புறம் சக்கரம் சுற்றும்போதெல்லாம் கிய்ச், கிய்ச் என்று கூடவே வந்தது.

"கேக்குதா?" என்றேன்.

"என்னது?"

"பின்னாடி. சக்கரத்துல."

அவள் பின்சக்கரத்துப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

நான் ரோட்டைத்தான் பார்த்தேன். ஆனால் காது இரண்டும் பின்சக்கரத்துக்குப் போய்விட்டன. டயர் கழன்றுகொள்ளப் போகிறதா, பேரிங் உடைந்திருக்கிறதா, நட்டு லூசாகி எந்தத் திருப்பத்திலாவது சக்கரம் தனியாக உருண்டு ஓடப்போகிறதா? ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்களை நானே நாலைந்து தடவை மனதுக்குள் விழவைத்துப் பார்த்துவிட்டேன். அவளை இறக்கி விட்டதும் முதல் காரியமாக ரோட்டோரம் குனிந்து பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அது ஒரு பேச்சும் பேசவில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை, நான் படிப்பேன். சாதாரணத் தலைவலி மாத்திரைக்கு என்னென்ன பின்விளைவுகள் வரலாம் என்று தெரிந்தவன் நிம்மதியாகத் தலைவலியைக் கூட அனுபவிக்க முடியாது. பிரஷர் மாத்திரை வாங்க வரும் பிரெஞ்சுப் பென்ஷன்காரர் ஒருவர், நான் ஒவ்வொரு மாத்திரைக்கும் எச்சரிக்கை சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "முசே, நீ மருந்து விக்கிறியா, பயத்த விக்கிறியா?" என்று பிரெஞ்சில் ஐயா போட்டு ஒருநாள் கேட்டார். நான் பிறவியிலேயே அப்படி என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி நான் பயந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. அவள் கீழே விழவில்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வழக்கம்போலப் பரிசோதனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தவர் திரையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். வயிற்றுக்குள் எல்லாம் எப்போதோ அடங்கிப் போயிருந்தது என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். யார் மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்றார்கள். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வீட்டில் அவள் சமைத்துக்கொண்டும் நான் சாப்பிட்டுக்கொண்டும் இருந்த ஏதோ ஒரு சாதாரண நாளில் அது நடந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சின்ன சத்தம்கூடக் கேட்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அதனால் இந்தத் தடவை எந்தச் சத்தத்தையும் விடுவதாக இல்லை. சக்கரமே கூப்பிட்டுச் சொல்லும்போது கேட்காமல் இருப்பேனா?

மறுநாள் மெக்கானிக் கடைக்குப் போனேன். மெக்கானிக் வாயாடி. நான் பாதி சொல்வதற்குள் வண்டியை வாங்கிக்கொண்டு, தெருவில் இரண்டு சுற்று விர்ரென்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்ல சார். வண்டி வெண்ணெயாட்டம் போவுது."

"நான் தனியா போறப்ப வர்ல. வீட்ல பின்னாடி உக்காந்தாதான் வருது."

"அப்போ வெயிட்டுதான். காத்து கம்மியா இருக்கும்." காற்றை ஏற்றினார். நட்டுகளை முறுக்கினார். ஒரு உதை உதைத்தும் பார்த்தார். "இனிமே சத்தம் வந்தா எங்கிட்ட கேளுங்க" என்று அனுப்பி வைத்தார்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, அதே முத்தியால்பேட்டையைத் தாண்டி, அதே கிய்ச்.

தனியாகப் போனால் வருவதில்லை. கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன், வரவில்லை. காலாப்பட்டு வரை ஒரு வேலையாகப் போய்வந்தேன், மூச்சுக் காட்டவில்லை. அவள் உட்கார்ந்தால் மட்டும் வந்தது. இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவளுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் என்றே ஏற்பட்ட சத்தம் போலப் பட்டது. இதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கச் சொல்வார்கள், நானும் போயிருப்பேன்.

ஒருநாள் அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஆட்டோக்காரர் பறந்தார். அவரைப் பிடிக்க நானும் பறந்தேன். வண்டியில் சத்தமே இல்லை. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறி விழுவதைப் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கும்போது அவள் முகம் வெளிறிக் கிடந்தது. "கேஸ் வாட வயித்தப் பொரட்டுது. குலுக்கற குலுக்குல கொழந்த இங்கியே பொறந்துடும். நான் உங்க வண்டியிலயே வரேன், அது கத்துனா கத்திக்கினு போவட்டும்" என்றாள். பஸ் ஏறவும் விடமாட்டேன் என்று நானே சொல்லியிருந்தேன். ஆக மிச்சம் இருந்தது ஸ்கூட்டர்தான்.

பிறகு எங்கள் பயணங்கள் எப்படி இருந்தன என்றால், ஒரு சவ ஊர்வலம்கூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும். பள்ளம் வந்தால் நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு போவேன். ஹெல்மெட் போட்டால் பின்பக்கம் சரியாகக் கேட்பதில்லை என்று அதைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் மடக்கினார்.

"ஹெல்மெட் தலையில போடறதா, வண்டிக்குப் போடறதா?"

"சத்தம் கேக்கணும் சார்."

"என்ன சத்தம்?"

அவர் என்னைப் பார்த்தார், பின்னால் பிள்ளைத்தாச்சியைப் பார்த்தார், கையை ஆட்டிப் போகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "பைத்தியம்னு நெனச்சிருப்பாரு" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தின வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்பது நின்றுபோயிருந்தது. பேசுவாள், கிண்டல் பண்ணுவாள், வேலை செய்வாள். சிரிப்பு மட்டும் வராது.

என் மாமனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருந்ததே அவர் வீட்டு மாடியில்தான். கடலுக்குப் போகிறவர், பைபர் படகு வைத்திருக்கிறார். நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்கு நெல்லும் தெரியாது, மீனும் தெரியாது, மாத்திரைதான் தெரியும் என்று அவருக்கு என்மேல் ஒரு இரக்கம் உண்டு. கரையில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வரும் படகு யாருடையது என்று இன்ஜின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எதையும் எண்ணெயால் சரிபண்ணிவிடலாம் என்பது அவர் கொள்கை. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிற ஊரில் அது பெரிய தப்புக் கொள்கையும் அல்ல. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, அதில் இன்ஜின் ஆயில் நிரப்பி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். படகில் எது முனகினாலும் ஒரு பீச்சு. வீட்டுக் கதவு, இரும்பு கேட், தையல் மிஷின், மின்விசிறி, எல்லாவற்றுக்கும் அதே மருந்து. இரண்டு சக்கர வண்டி மட்டும் அவர் ஓட்டியதே கிடையாது. எங்கே போவதானாலும் நடை, இல்லையென்றால் யார் பின்னாலாவது உட்கார்ந்து போவார்.

நான் தினமும் சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டரைக் கவிழ்க்காத குறையாகச் சாய்த்து வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதை வலை பின்னிக்கொண்டே கவனிப்பார்.

"சத்தம் வந்தா என்னா மாப்ள இப்ப? சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம். நடுக்கடல்ல நிக்கிறப்ப இன்ஜின் சத்தம் நின்னு பாரு, அப்பத் தெரியும் பயம்னா இன்னான்னு."

"இது கடல் இல்ல மாமா."

"அதான் நானும் சொல்றேன். இங்க விழுந்தா முட்டிதான் தேயும்."

முட்டி தேய்வதைப் பற்றியா நான் கவலைப்படுகிறேன் என்று எரிச்சலாக வந்தது. என் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாதம் தொடங்கிய பிறகு என் பயம் கரைகடந்துவிட்டது. படுத்தால் தூக்கம் வராது. அவள் புரண்டு படுத்தால் எழுந்து உட்காருவேன். "அசையுதா?" என்று கேட்பேன். அசையுது என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன். அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க என் பேச்சு குழந்தையிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து குழந்தைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கவலைதான் என்பது எனக்கே தெரியவில்லை. வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா, வண்டியை மாற்றிவிடலாமா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூடப் பேசினேன். அவள் எல்லாவற்றுக்கும் ம் என்றாள்.

அந்தப் பரிசோதனை நாளன்று முத்தியால்பேட்டையைத் தாண்டினோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. சிக்னல் வந்தது. வரவில்லை. கோரிமேட்டுச் சாலையில் ஏறினோம். வண்டி பூனை மாதிரிப் போனது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினேன். "கேக்குதா? ஒண்ணும் கேக்கல!"

"ஆமா, நின்னுடுச்சு" என்றாள். தோளில் இருந்த கை இரண்டு தட்டுத் தட்டியது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நட்டு முறுக்கியது இப்போதுதான் வேலை செய்கிறது போல என்று அந்த வாயாடி மெக்கானிக்கை மனதுக்குள் மன்னித்தேன். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பின் பிரேக்கைப் பிடிக்கும்போது அதன் இடதுபக்க லீவர் கொஞ்சம் மெத்தென்று போன மாதிரி இருந்தது. அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். வண்டியே இளகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கு டாக்டரம்மாவும் நல்லதே சொன்னார். வளர்ச்சி சரியாக இருக்கிறது, ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. கிளம்பும்போது, "சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒரு பக்கமா படுத்து அசைவ கவனிச்சிக்கினே இரும்மா. வழக்கத்த விடக் கொறஞ்சாலோ நின்னாலோ காத்திருக்கக் கூடாது, ஒடனே வந்துடணும்" என்றார். அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் தலையாட்டலுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

கோரிமேடு பெயருக்கு மேடு என்றாலும் மலை ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வரும்போது வண்டி தானாகவே ஓடுகிற அளவுக்கு ஒரு சரிவு உண்டு. சந்தோஷத்தில் நான் கொஞ்சம் வேகமாகவே வந்தேன். பின்னால் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடக்கூடாது, தூக்கி அடித்துவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் பின் பிரேக் ஒன்றை வைத்தே காலம் தள்ளியிருந்தேன். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரம் மூட்டை முடிச்சோடு நின்ற ஒரு குடும்பம் கையைக் காட்ட, பஸ் சட்டென்று நின்றது.

இடதுபக்க பிரேக் லீவரை அழுத்தினேன். அது கடைசிவரை வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. விட்டு மறுபடி அழுத்தினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பஸ்ஸின் பின்பக்கம் என் முகத்துக்கு நேராகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. வலது கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது, இரண்டு காலும் ரோட்டைத் தேய்த்தன. வண்டி ஆடிக்கொண்டு ஓரத்து மண்ணில் இறங்கி, ஒரு இளநீர் வண்டிக்காரரின் குலைமேல் மோதாமல், அவர் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்ததில் நின்றது. என் ஒரு செருப்பு ரோட்டு நடுவில் கிடந்தது.

விழவில்லை. அவள் விழவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதுகில் அவள் நகம் பதிந்திருந்தது.

இளநீர்க்காரர் அவளைக் கையைப் பிடித்து இறக்கி, தன் ஸ்டூலில் உட்காரவைத்தார். "வண்டி ஓட்டற லட்சணமாய்யா இது? புள்ளத்தாச்சிய வச்சிக்கினு!" என்று என்னைத் திட்டினார். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் டிரம்மைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் கசிந்து, டயரின் உள்பக்கம்வரை கோடு கோடாகத் தெறித்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். வைத்திக்குப்பம் கரையில் தினமும் முகரும் அதே வாடை. படகு இன்ஜின் ஆயில்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "உங்கப்பனுக்கு அறிவிருக்கா? பிரேக்குல போயி எண்ணெய ஊத்தி வச்சிருக்காரு! கொல்லப் பாத்துருக்காரு நம்மள!" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அவரை, அவர் பாட்டிலை, அவர் படகை எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத வுடுங்க" என்றாள். "அசைய மாட்டேங்குது."

அவள் முன்னால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இளநீர்க்காரர் ஒன்றைச் சீவி அவள் கையில் கொடுத்தார். குடித்தாள். காத்திருந்தோம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை, உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். லாரிகள் போயின, ஹாரன் அடித்தன. எல்லாரையும் வாயை மூடச் சொல்லி நடுரோட்டில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. "ம்ஹூம்" என்றாள் கடைசியில்.

வண்டியை இளநீர்க்காரரிடமே விட்டுவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்த வழியே மேலே போனோம். இந்தத் தடவை அவள் வாடையைப் பற்றியும் பேசவில்லை, குலுக்கலைப் பற்றியும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னதும் வரிசையைத் தாண்டி உள்ளே அனுப்பி, ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலைக்கு இந்தப்பக்கம் நாங்கள். போன வருஷம் உட்கார்ந்ததும் இதே மாதிரி ஒரு பெஞ்சில்தான். இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"எண்ணெய ஊத்தச் சொன்னது நான்தான்" என்றாள்.

நான் திரும்பினேன்.

"அப்பாவத் திட்டாதீங்க. நேத்து நீங்க கடைக்கு நடந்து போனப்புறம் நான்தான் கூப்ட்டு ஊத்தச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லாதன்னும் சொன்னேன். தானா நின்னுடுச்சின்னு நீங்க நெனச்சா நல்லாருக்கும்னு..."

"ஏன்?"

"நீங்க தூங்கறதே இல்ல." அவள் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். "எனக்கும் பயம்தாங்க. நான் சொல்றதில்ல, அவ்ளோதான். அசையுதா அசையுதான்னு நீங்க கேக்கறப்பல்லாம் நானும் கைய வச்சிப் பாத்துக்குவேன். என் பயத்தயும் சொமந்துக்கினு உங்க பயத்தயும் சொமக்க முடியல. இது உள்ள இருக்கறதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தச் சத்தத்தயாச்சும் நிறுத்தி வைக்கலாம்னு பாத்தேன்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்த ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அவளைப் பயமே இல்லாதவள் என்று இத்தனை நாளும் நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் குறையும் பட்டிருக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். நர்ஸம்மா அவள் வயிற்றில் பசையைத் தடவி, கையளவு இருந்த ஒரு கருவியை வைத்தார். வெறும் காற்று இரைச்சல். கருவியை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம் கீழே. இரைச்சல். நர்ஸம்மாவின் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். அவர் பழகிய முகம், எதையும் காட்டவில்லை. என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு பக்கவாட்டில் ஒரு இடத்தில் அது கிடைத்தது. குதிரை ஓடுகிற மாதிரி, திடுதிடுவென்று, அவசர அவசரமாக, எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் ஒரு கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நர்ஸம்மா. "அம்மா பயந்ததுல அதுவும் கொஞ்சம் சுருண்டு படுத்துருக்கும்." கருவியை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்கம்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

"வெளிய எத்தினி பேர் நிக்கிறாங்க தெரியுமா?" என்றார். ஆனால் வைத்திருந்தார். அவள் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை. எனக்கே மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அப்புறம் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே இருக்கவைத்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உதைக்க ஆரம்பித்தது. நாங்கள் கேட்காமலே தொடர்ந்து உதைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் அவருக்காக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவரைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டன. அந்த மனிதர் ஒரே நாளில் இளைத்துப்போன மாதிரி இருந்தார்.

"எங்க சத்தம் வருதோ அங்க வுட்டேன் மாப்ள" என்றார். "சக்கரத்துக்குள்ளாற பிரேக்கு இருக்கும்னு எனக்கு எப்டித் தெரியும்? படகுக்கு ஏது பிரேக்கு?"

கரை வந்தால் இன்ஜினை அணைத்து, மணலில் ஏற்றி நிறுத்தியே வாழ்நாளைக் கழித்த மனிதர். "சரி வுடுங்க மாமா" என்றேன். அவர் உள்ளே போய், அந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். தூக்கி எறியத்தான் போகிறார் என்று நினைத்தேன். படகில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் குட்டி யானை என்கிற ஒரு மினி லாரியில் ஸ்கூட்டரை ஏற்றி மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்ததும் மெக்கானிக் ஒரு சீழ்க்கை அடித்தார். பிரேக் ஷூ தேய்ந்து தகடு தெரிந்தது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போய், ஷூ எந்நேரமும் டிரம்மில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குமேல் எண்ணெய் அபிஷேகம்.

"ரெண்டு வியாதி சார். ஒண்ணு தானா வந்தது. இன்னொண்ணு நீங்க குடுத்த மருந்துல வந்தது" என்றார் மருந்துக்கடைக்காரனிடம்.

"அன்னிக்கு நீங்க ஓட்டிப் பாத்தீங்களே. ஒண்ணும் இல்லன்னீங்க."

அவர் பேச்சு முதல் தடவையாகக் கொஞ்சம் தடுமாறியது. தலையைச் சொறிந்தார். "நான் எங்க மெதுவா ஓட்டனேன்? இது மெதுவா போனாதான் காதுக்குக் கேக்கும் சார். வேகமா போனா இன்ஜின் சத்தத்துல அமுங்கிடும். சும்மா கையால சுத்துனாலும் வராது, ஆள் பாரத்தோட உருளணும். வீட்டம்மா உக்காந்ததால வர்ல. அவங்க உக்காந்தா நீங்க மெதுவா போவீங்க. அதான்."

தனியாகப் போகும்போதும் அது கூடவே கத்திக்கொண்டு வந்திருக்கிறது. அவளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தபோதுதான் என் காதில் விழுந்திருக்கிறது. ஷூவையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, டிரம்மை பெட்ரோல் ஊற்றிக் கழுவி, என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தெருவில் ஊர்ந்து பார்த்தேன். சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. பிரேக் நச்சென்று பிடித்தது.

அடுத்த பரிசோதனைக்குக் கிளம்பும்போது அவள் வயிறு எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் அசையுதா என்று கேட்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தியிருந்தேன். அசைந்தால் அவளே என் கையை எடுத்து வயிற்றில் வைக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஹெல்மெட் தலையில் இருந்தது. முத்தியால்பேட்டை வந்தது. மெதுவாகத்தான் போனேன். சத்தம் இல்லை. முன்பு சத்தம் வந்ததற்குப் பயந்தவன் இப்போது வராததற்குப் பயந்துகொண்டிருந்தேன். யாராவது மறுபடி எண்ணெய் விட்டிருப்பார்களோ? பிரேக்கை லேசாகப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி பிடித்துப் பார்த்தேன். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சிக்னலைத் தாண்டியதும் பின்னாலிருந்து வந்தது. கிய்ச்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிய்ச், கிய்ச். சக்கரம் சுற்றுகிற கணக்குக்குச் சரியாக. வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். வண்டி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. என் காதுக்குப் பின்னால், ஹெல்மெட்டை ஒட்டி, கிய்ச், கிய்ச் என்றது.

திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்கச் சிரித்தாள். போன வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.